வக்கீலின் தாடை

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். நான் டோக்கன் கிழிக்கிற வண்டி ஸ்டாண்டில் கூரை ஒழுகுகிறது. டோக்கன் கட்டை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்தேன். வேப்பம்பட்டு ஸ்டேஷன் முழுக்கக் குடை.

மத்தியானம் பதிவுத் தபால், சென்னையிலிருந்து. வக்கீல்கள் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அனுப்பியது. நவம்பர் 5, காலை பத்தரை மணிக்கு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். புகார்தாரர் எபினேசர், அதாவது நான். எதிர்மனுதாரர் வக்கீல் த.

இடக்கையால் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி ஆகிறது. அதனால் த. என்று மட்டும். அவன் என்று எழுதத்தான் ஆசை. பழக்கதோஷம், அவர் என்றே வருகிறது.

பிசியோதெரபி அம்மா சொல்லித்தான் இந்த நோட்டு. "இடக்கை பழகணும்னா தெனம் எதுனா எழுதுங்க. மனசுல கீறத எழுதுங்க." என் மனசில் இருப்பதை எழுதினால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சுருக்கமாக. காக்களூர் கம்பெனி, தகடு அழுத்துகிற பவர் பிரஸ். பிரஸ் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து மிஷின்காரன் அலறியதுதான் கேட்டது. தகட்டோடு தகடாக என் வலது கை. நஷ்டஈட்டு வழக்கை த. நடத்தினார். ஜெயித்தோம். கம்பெனி கட்டிய பணத்தை என் பெயரில் மனுப் போட்டு த. எடுத்துக்கொண்டார். "இன்னும் வர்லப்பா" என்று ஒன்றரை வருஷம் என்னிடம் சொன்னார். கோர்ட் பதிவேட்டைப் பார்த்து உண்மையைச் சொன்னது நசீமா மேடம், இப்போது எனக்காக வாதாடுகிறவர். கிரிமினல் வழக்குப் போட்டோம். மாஜிஸ்திரேட் குற்றவாளி என்றார், சிறை என்றார். த. அப்பீல் போட்டுத் தண்டனையை நிறுத்திவைத்தார். அடுத்த நாளே கறுப்புக் கோட்டோடு அதே கோர்ட்டுக்கு வந்தார்.

இந்தக் குழு அவரை ஜெயிலுக்கு அனுப்பாது. கோட்டைத்தான் கழற்றும். எனக்கு அது போதுமா?

போதாது.

அக்டோபர் 16, புதன்

மழை விட்டது. மேடத்திடம் பேப்பர்கள் கொடுக்கத் திருவள்ளூர் போனேன். கோர்ட் எதிரில் டீக்கடை. த. நின்றுகொண்டிருந்தார். புதுக் கோட்டு, தேய்த்து மடிப்புக் கலையாமல்.

"இன்னா எபி, நல்லா கீறியா? கை ஆறிடுச்சா?"

என் டீக் கிளாஸை இடக்கையில் வாங்கிக்கொண்டேன்.

"சென்னையில பாக்கலாம். நான் வக்கீல் வெக்கல. உன்ன நானேதான் கேள்வி கேப்பேன். பயப்படாத, இன்னா?" என்று சொல்லி என் மொட்டைக் கையைத் தட்டிக்கொடுத்தார். நாய்க்குட்டியைத் தட்டுகிற மாதிரி.

இல்லாத விரல்கள் ஐந்தும் மடங்கின. நகம் உள்ளங்கையில் குத்தியது. சத்தியமாகக் குத்தியது. இடக்கையில் இருந்த கிளாஸை அவர் முகத்துக்கு எறிந்தேன். குறி தப்பிச் சுவரில் பட்டுச் சிதறியது. அவர் காலரில் மட்டும் டீ. கர்ச்சீப்பை எடுத்து நிதானமாகத் துடைத்தார். சிரித்தார்.

மேடம் ஓடி வந்து என்னை இழுத்துப் போனார். "அவர் வேணும்னே பண்றார் எபி. நீங்க கை வெச்ச அந்த நிமிஷமே அவர் பாதிக்கப்பட்டவர் ஆயிடுவார். அதுக்குத்தான் காத்திருக்கார். அஞ்சாம் தேதி வரைக்கும் பொறுங்க."

வாங்க வேண்டியது: மெரூன் நூல்கண்டு இரண்டு (என் பெண்டாட்டி ஸ்டெல்லாவின் தையலுக்கு), வலி மாத்திரை, கொசுவத்தி. டீக்கடைக்கு ஒரு கிளாஸ்.

அக்டோபர் 19, சனி

டேனி வந்தான். ஸ்டெல்லாவின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை. கையில் தினத்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தான். ஒரு முழம் கம்பித்துண்டு, கட்டைவிரல் தடிமன். பிடிக்கிற பக்கம் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தான்.

"மாமா, டீக்கடையில உன்ன தொட்டானாமே. நீ ஒரு வார்த்த சொல்லு. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

"வாணாம்டா. அஞ்சாந்தேதி கீது."

"அஞ்சாந்தேதி இன்னா ஆவும்? கோட்ட கயிட்டுவானுங்க. அவன் சட்ட போட்டுகினு சோறு துன்னுவான்."

ஸ்டெல்லா யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்தாள்.

"உசுரு வாணாம்டா டேனி. அந்த வாய ஒட. வாயாலதான நம்பள துன்னான்."

பதினொரு வருஷக் குடித்தனம். கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

நான் மறுபடி வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. டேனி இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் தட்டில் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றியது நான்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

சாணை பிடிக்கிறவன் தெருவில் போனான். அரிவாள்மணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறி பறந்தது. முடிந்ததும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ரத்தம். வலிக்கவில்லை. நன்றாக இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

இதை எழுதுவது 23 காலை. நேற்று பேனா பிடிக்க முடியவில்லை.

பதினொன்றரை மணி. நல்ல வெயில். மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் த.வின் மச்சான், கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். டைப் அடித்த பேப்பர் ஒன்றை நீட்டினான். முழுப் பணமும் வந்துவிட்டது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று.

"கையெழுத்து போட்டுடு எபி. பாதி இப்பவே தரோம். மீதி அப்பறமா."

"அப்பறமான்றத உங்க மாமா நெறைய தபா சொல்ட்டாரு."

முதல் அறை காதில். சுவரில் மோதினேன். விழுந்ததும் வயிற்றில் உதை. எண்ணவில்லை. ஒருவன் என் மொட்டைக் கையின் மேல் செருப்போடு ஏறி நின்றான். பிரஸ் இறங்கியபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. பழைய தையல் தழும்பு கிழிந்தது. மச்சான் என் இடது கட்டைவிரலை மசியில் அழுத்தப் பார்த்தான். கையை மூடிக்கொண்டு கடித்தேன். அவன் விரலா என் விரலா தெரியவில்லை. வாயில் ரத்தம்.

அடுத்தவன் தையல் மிஷினைத் தூக்கித் தெருவில் போட்டான். சக்கரம் தனியாக உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. ஸ்டெல்லா துணி வெட்டுகிற கத்திரியோடு வந்தாள். ஏறி நின்றவனின் தொடையில் இறக்கினாள். அவன் அலறினான். உருவி மறுபடி ஓங்கினாள். மூன்று பேரும் ஓடினார்கள். ஒருவன் நொண்டிக்கொண்டு.

தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, "இன்னாமா சத்தம்?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி. ஒன்பது தையல். ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். ஸ்டெல்லா மிஷினின் ஊசிப் பகுதியைத் துடைத்து மடியில் வைத்தபடி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவுக்கு வந்து டேனிக்குப் போன் போட்டேன்.

"சொல்லு மாமா."

"அக்கா சொன்னத செய்."

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. த. காரை விட்டிறங்கி வீட்டு கேட்டைத் திறக்கக் குனிந்திருக்கிறார்.

டேனி போனில் மூச்சு வாங்கினான். "ஒரே அடி மாமா. முட்ட ஓடு மாரி. கோட்டு போட்டுகினேதான் வுழுந்தான்."

"உசுரு?"

"கீது. தாடதான் ரெண்டா பூட்ச்சு. நான் ஆந்திரால தடா பக்கம் போய்ட்டு வரேன். போன் பண்ணாத."

ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள். "எத்தன பல்லுடா?"

கால் கிலோ ஈரலும் அரைக் கிலோ கறியும் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த மூன்று வருஷத்தில் சோறு இவ்வளவு ருசித்ததில்லை. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

பிறகு ஸ்டெல்லா மிஷின் இருந்த இடத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டைக் கையால் தைக்க ஆரம்பித்தாள். விரலில் நாலைந்து தடவை குத்திக்கொண்டாள். குத்தியதைப் பார்த்துக்கொண்டே மறுபடி குத்தினாள். நான்தான் ஊசியை வாங்கி வைத்தேன்.

அக்டோபர் 26, சனி

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உன் கை இப்டி கீது, நீ அடிக்கலன்னு தெரியும். யாரு அடிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"உன் மச்சான் எங்க?"

"வேலைக்குப் போயிருப்பான்."

ஸ்டெல்லா அவருக்கு டீ கொடுத்தாள். டம்ளர் ஆடவே இல்லை.

மாலை மேடம். உட்காரவில்லை, வாசலில் நின்றே கேட்டார். "என் முகத்தப் பாத்து சொல்லுங்க எபி."

"தெரியாது மேடம்."

"சரி. இனி கேக்க மாட்டேன். ஆனா அஞ்சாம் தேதி சத்தியம் பண்ணிட்டுத்தான் பேசணும். ஞாபகம் இருக்கட்டும்."

அக்டோபர் 31, வியாழன்

தெரு முழுக்க வெடி. கந்தகப் புகை. ஒவ்வொரு வெடிக்கும் தாடை உடைகிற சத்தம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று யோசனை. எதிர்வீட்டுக்காரி தட்டில் முறுக்கும் அதிரசமும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அன்று கதவைச் சாத்தியதைப் பற்றிக் கேட்கவில்லை. தையல் இடத்தில் சீழ். மாத்திரை இரண்டு வேளை.

நவம்பர் 5, செவ்வாய்

எட்டு மணி ரயில். நிற்க இடமில்லை. ஸ்டெல்லா கூட வந்தாள்.

பெரிய அறை இல்லை. நீள மேசை, மூன்று மூத்த வக்கீல்கள். நடுவில் இருந்தவர் தலைவர், வெள்ளை மீசை. மேலே விசிறி கடகடவென்று. சத்தியம் வாங்கினார்கள்.

த. வந்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. முகம் ஒரு பக்கம் பூசணிக்காய். உதடு மூடவில்லை, எச்சில் கோட்டின் மேல் ஒழுகியது. கூட வந்த மகள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கல்லூரிப் பெண். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

பேச முடியாது, எழுதிக் காட்டலாம் என்றார்கள். அவர் எழுதுவதைக் குழுவின் எழுத்தர் சத்தமாகப் படித்தார்.

முதல் தாள்: அப்பீல் நிலுவையில் இருக்கிறது, விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும்.

தலைவருக்குக் கோபம். "அப்பீல் அந்தக் கோர்ட்டோட விஷயம். நான் கேக்கறது ரெண்டே கேள்வி. கட்சிக்காரர் பணத்த வாங்கினீங்களா?"

த. பேனாவை வைத்துவிட்டார். மகள் துடைத்தாள். மறுபடி எடுத்தார்.

எழுத்தர் படித்தார். "வாங்கினேன்."

"அவருக்குக் கொடுத்தீங்களா?"

"இல்லை."

மூன்று வருஷம். ஒரு கிரிமினல் வழக்கு, நாற்பது வாய்தாவாவது இருக்கும். அங்கெல்லாம் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே இரண்டு சொல்.

பிறகு சாட்சியிடம் கேள்வி உண்டா என்று கேட்டார்கள். ஒரே தாள். எழுத்தர் படிக்கத் தயங்கினார், தலைவர் தலையசைத்தார்.

"என்னை அடிக்கச் சொன்னது யார்?"

தலைவர் உடனே சொன்னார். "இதுக்கும் இந்த விசாரணைக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல."

மேடம் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

தலைவர் முன்னால் குனிந்தார்.

"என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதான் சார். இவரு வாயிலேர்ந்து உண்ம வரல. வாய ஒடச்சப்பறம் பேப்பர்ல வந்துச்சு."

"அடிச்சது யாரு?"

"அத சொல்ல மாட்டேன்."

சத்தியம் செய்ததற்காகவா சொன்னேன்? இல்லை. வருத்தமா? அதுவும் இல்லை. அடித்தது யாரோ ரவுடி என்று அவர் நினைத்துக்கொண்டு போகக் கூடாது. நான் என்று தெரிய வேண்டும். அந்த ஆசைதான். சொன்ன நிமிஷம் உடம்பெல்லாம் சூடு. அவர் மகள் என்னைப் பார்த்தாள். சூடு இறங்கிவிட்டது.

மேடம் ஃபைலை மூடினார்.

வெளியே தாழ்வாரத்தில் த. எங்களைக் கடந்து போனார். நின்றார். சின்னத் தாளில் ஏதோ எழுதி நீட்டினார். திட்டியிருப்பார் என்று நினைத்தேன். "சொல்லத் தேவையில்லை என்றார்களே. ஏன் சொன்னாய்?" அவ்வளவுதான். என் வழக்கை நடத்தியபோது கூண்டில் ஏறுமுன் சொல்லித் தந்தவர் அவர்தான்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூட ஒரு வார்த்த பேசாத.

அறைக்கு வெளியே நின்றிருந்த ஸ்டெல்லாவிடம் ரயில் ஆவடி வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னேன்.

"டேனி பேர சொன்னியா?"

"இல்ல."

"என் பேர?"

"இல்ல."

"நீ உள்ள பூட்டா எனக்கு யாரு கீறா?" என்று நெஞ்சில் குத்தினாள். முஷ்டியால். ஒன்று, இரண்டு, நிறுத்தவே இல்லை. "யாரு கீறா? சொல்லு, யாரு கீறா?" எதிரில் இருந்த பெண்மணி, "விடும்மா, கை இல்லாத மனுசன்" என்றாள். ஸ்டெல்லா அவள் பக்கம் திரும்பி, "உன் வேலையப் பாரு" என்று கத்தினாள். நெஞ்சு இப்போதும் கன்றியிருக்கிறது.

நவம்பர் 6, புதன்

மேடத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். எடுத்துக்கொள்ள: துண்டு, மாத்திரை, டாக்டர் சீட்டு, இரண்டு சட்டை (பட்டன் இல்லாதது). நோட்டு வேண்டாம் என்கிறார் மேடம். ஸ்டெல்லா தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். சீப்பு மண்டையில் கீறுகிற மாதிரி அழுத்தி.

நவம்பர் 28, வியாழன்

ஜாமீனில் வந்து நாலாவது நாள். மழை. கையெழுத்து மறுபடி கோணல்.

உள்ளே இருந்ததைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் ஒருவன் என் தட்டைத் தட்டிவிட்டான். அவன் மூக்கை என் நெற்றியால் உடைத்தேன். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் இப்படி இல்லை.

உள்ளே இருந்தபோதே உத்தரவு வந்துவிட்டது. மேடம் படித்துக் காட்டினார். கட்சிக்காரரின் பணத்தைக் கையாடல் செய்தது தொழிலுக்கே இழுக்கு. வக்கீல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். நாட்டில் எந்தக் கோர்ட்டிலும் இனி வாதாட முடியாது. நடுவில் ஒரு வரி: புகார்தாரர் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டதைக் குழு கண்டிக்கிறது, ஆனால் அது எதிர்மனுதாரரின் குற்றத்தைக் குறைக்காது.

"சந்தோஷமா?" என்றார் மேடம்.

"பணம்?"

"அதுக்குத் தனியா போராடணும். இப்போ உங்க கேஸையும் சேத்து." குரலில் கோபம் போகவில்லை. ஆனாலும் வக்காலத்துத் தாளை அவரே எடுத்து நீட்டினார்.

டேனி இன்னும் வரவில்லை. மாமியார் போனில் அழுகிறார்.

மாலை ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. த. அவர்களுடைய பணத்தையும் சாப்பிட்டிருக்கிறாராம். ஒரு பை வேர்க்கடலை. அந்த அம்மா என் காலைத் தொட வந்தாள், பின்வாங்கினேன். கிளம்பும்போது அந்த ஆள் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அடிச்ச அந்தத் தம்பி நம்பரு கெடைக்குமா? நெலத் தகராறுல எங்களுக்கு வேற ஒருத்தன் கீறான்" என்றார்.

பையைத் தூக்கி வாசலில் எறிந்தேன். "எந்திரிச்சுப் போய்யா!" கடலை தெரு முழுக்க. அந்த அம்மா குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். ஸ்டெல்லாவும் போய்க் கூடப் பொறுக்கினாள்.

டிசம்பர் 9, திங்கள்

பனி. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டச் சொன்னாள் ஸ்டெல்லா, நாற்காலியில் ஏறிக் கட்டினேன். பிறகு திருவள்ளூர் கோர்ட். என் வழக்குக்கு முதல் வாய்தா. கொடுங்காயம் உண்டாக்கத் தூண்டியது.

கூட்டம். வராந்தாவில் ஒரே பெஞ்சு. இந்தப் பக்கம் என் கோர்ட், அந்தப் பக்கம் அப்பீல் கேட்கிற கோர்ட்.

த. வந்தார். கட்டம் போட்ட அரைக்கை சட்டை. முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பழக்கத்தில் நேரே வக்கீல்கள் நுழைகிற கதவுக்குப் போனார். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார்.

"பார்ட்டிங்கல்லாம் வெளிய உக்காருங்க சார்."

த. சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு நின்றார். கோட்டுப் போட்ட பையன்கள் இரண்டு பேர், ஒரு காலத்தில் அவருக்கு ஃபைல் தூக்கியவர்கள், பேசிக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வணக்கம் சொல்லவில்லை.

பெஞ்சில் என் பக்கத்தில்தான் இடம். நின்றுகொண்டே இருந்தார். கால் மணி நேரம். நான் நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்தார்.

ஒரு சாண் தூரத்தில் அந்தத் தாடை. எலும்பு கூடிய இடம் முடிச்சாகப் புடைத்திருந்தது. மறுபடி அடித்தால் அதே இடத்தில்தான் உடையும் என்று தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை. ஆனால் இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஜட்ஜு லேட்டாத்தான் வருவாரு" என்றார். சொற்கள் குழறின.

"ம்."

"நசீமாதான் உனக்கா? நல்லா பண்ணும்."

அவர் மூச்சு உடைந்த பக்கத்து மூக்கில் விசில் அடிப்பது கேட்டது.

டவாலி வெளியே வந்து அவர் பெயரை மூன்று தடவை கத்தினார். வெறும் பெயர். முன்னால் வக்கீல் இல்லை, பின்னால் சார் இல்லை. எழுந்து போனார்.

இந்தப் பக்கக் கதவு திறந்தது. என் பெயர்.